நாலரை நொடி

குடையைத் திருப்பிக் கொடுக்க வந்த கீழ்வீட்டுக்காரி வாசலில் நின்றபடியே, "உங்க குடை ரொம்ப ராசிங்க. இதை எடுத்துட்டுப் போன நாளெல்லாம் ஒரு பொட்டு மழை இல்லை" என்றாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முகம் அந்தக் கணமே மலர்ந்துவிட்டது. அவள் பேசி முடிப்பதற்குள் அவருடைய விரல்கள் கீபோர்டில் ஓடி முடித்திருந்தன. அவள் பதிலுக்காக ஒரு நொடி நின்றாள், இரண்டு நொடி நின்றாள், பிறகு மரியாதையாகச் சிரித்துவிட்டு, "வரேங்க" என்று படியிறங்கினாள். மாடிப்படியின் திருப்பத்தில் அவள் தலை மறைந்த பிறகுதான் மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அவருடைய சொந்தக் குரல், பழைய குறும்பு துளியும் குறையாமல், ஆளில்லாத வாசலைப் பார்த்துப் பேசியது. "அப்ப அதை மொட்டைமாடியில விரிச்சு வெச்சிடுங்க. என் வீட்டுக்காரி துவைச்ச துணியாச்சும் காயும்."

"ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கீழிருந்து கேட்டாள் அவள்.

"ஒன்னுமில்லைங்க" என்றாள் மனைவி. வேறு என்ன சொல்வது? நகைச்சுவையை எடுத்துச் சொன்னால் அது வாக்குமூலமாகிவிடும். கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்து, கீழ்வீட்டுக்காரிக்கும் சேர்த்துத் தானே சிரித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரின் பொத்தானை அணைத்தார். பக்கத்திலிருந்த நோட்டை இழுத்து எழுதி, அவள் பக்கம் தள்ளினார். 'ஞாயித்துக்கிழமை அக்கா வருது. அதுக்குள்ள இது சரியாகலைன்னா கட்டிப் பரண்ல போட்டுடு. நான் ஊமையாவே இருந்துட்டுப் போறேன்.' கடைசி வாக்கியத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவர் சலூன் வைத்திருந்தவர். கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. ஆனால் ஊரில் எவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, ரேடியோ கடை என்றுதான் சொல்வார்கள். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. முடிவெட்ட வந்தவர்களைவிட வாய்கொடுக்க வந்தவர்கள் அதிகம். எதிராளி வாக்கியத்தைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அங்கே போய் முன்கூட்டியே உட்கார்ந்திருப்பார். இந்த வித்தையில் அவரை மிஞ்சிய ஒரே ஆள் அவருடைய அக்கா. அக்காவும் தம்பியும் ஒரே அறையில் இருந்தால் மற்றவர்கள் பந்தாட்டம் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால், பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா இரண்டு வாரம் அவரை உட்காரவைத்து நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதை வைத்து அவர் குரலிலேயே பேசும் ஒரு புரோகிராமை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தாள். தட்டினால் பேசும். பேசியது. ஆனால் நாலரை நொடி கழித்துத்தான் பேசியது. நாலரை நொடியில் என்ன குடி முழுகிவிடும் என்று யாராவது கேட்கலாம். கேட்பவர் வாழ்நாளில் ஒரு பதிலடிகூடக் கொடுத்திராதவராக இருப்பார்.

ஐந்து மாதமாக வீட்டில் தலையாட்டல்தான் பேச்சு. "உப்பு சரியா இருக்குங்களா?" என்று அவள் கேட்பாள், கட்டைவிரல் மேலே போகும். "வலிக்குதா?" என்பாள், தலை ஒரு மாதிரி அசையும். கடையைக் கூட்டாளி பார்த்துக்கொண்டார். இவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை படுக்கப் போகும்போது அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்து, அவர் திரும்பிப் பார்த்தபோது, "ஒன்னுமில்லை, தூங்குங்க" என்று சொல்லி விளக்கை அணைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பரணில் ஏறப்போவது பெட்டி மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஒரு துணி ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக். இருநூற்றுச் சொச்சம் மெஷின்கள் அவள் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் மெஷினக்கா. வீட்டிலிருந்த கம்ப்யூட்டரும் அந்த ஆலையிலிருந்து கழித்துப் போட்டதுதான். குடை திரும்பி வந்த மறுநாள் தேநீர் இடைவேளையில், ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரரிடம் போய் நின்றாள். ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கி இருக்கும் மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் பெருமூச்சு விடுவார். அன்றும் விட்டார்.

"ஏம்மா, நாலு நொடிப் பேச்சைத் தயார்பண்ண உன் பெட்டிக்கு நாலரை நொடி ஆகுது. பேசறதைவிட ஒரு துளி மெதுவா யோசிக்குது. அதனால முழுசும் முடிச்சிட்டுத்தான் வாயைத் திறக்கும். கொஞ்சம் வேகமா யோசிச்சா போதும், முன்பாதியைப் பேசிக்கிட்டே பின்பாதியைத் தயார்பண்ணிக்கும்."

அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பேசுவதே அப்படித்தான். எப்படி முடிப்பது என்று தெரியாமலே ஆரம்பித்து, போகிற வழியில் முடிவைக் கண்டுபிடிப்பவர்.

"ஏத்தலாமா சார் வேகத்தை?"

"ப்ராசஸர் நல்ல சரக்கு, ஏத்தினா ஏறும். அது உக்காந்திருக்கற போர்டுதான் மகா கஞ்சன். வேகம் கூடினா வோல்டேஜும் கொஞ்சம் கூட்டிக் குடுக்கணும். இந்த போர்டோட பட்டியல்ல அதுக்கு ஒரே ஒரு வரி, அதுல மூணே மூணு படி. அதுக்கு மேல கேட்டா கையை விரிச்சிடும்."

"எரிஞ்சுகிரிஞ்சு போயிடாதா?"

"எரியற அளவுக்கு அது குடுக்கவே குடுக்காதும்மா. தாங்கலைன்னா உறைஞ்சு நிக்கும். அணைச்சுப் போட்டுக்க. ஒவ்வொரு படியா ஏத்து, ஒவ்வொரு படிக்கும் சோதனை பண்ணு. உனக்கா சொல்லணும்?"

சனிக்கிழமை ஆலை அரை நாள். மதியம் வீட்டுக்கு வந்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவைத்துவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்போதே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால், கறுப்புப் பின்னணியில் ஒரு பட்டியல் வரும். அதில் முப்பத்தெட்டு என்று ஒரு எண் இருந்தது. அதுதான் வேகம். அதை முப்பத்தொன்பது ஆக்கினாள். ஏறியது. நாற்பது, நாற்பத்தொன்று. எந்த மெஷினையும் போல இதையும் அவள் காதால்தான் பார்த்தாள். ஸ்குரூடிரைவரின் முனையை இரும்புக்கூட்டில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பாள். தையல் மெஷினில் பேரிங் தேய்ந்திருந்தால் அது அழுவது இப்படிக் கேட்டால் தெரிந்துவிடும். இங்கே விசிறியின் முனகல் மட்டும், யாரோ தூரத்தில் ஒரே எழுத்தைப் பாடிக்கொண்டிருப்பதுபோலக் கேட்டது.

நாற்பத்திரண்டில் திரை உறைந்தது. கஞ்சனிடம் ஒரு படி வோல்டேஜ் கேட்டாள், கொடுத்தான். நாற்பத்து மூன்றுக்கு இரண்டாம் படி. அதில் குரல் உடனே புறப்பட்டது, ஆனால் வாக்கியத்தின் வால் சில சமயம் தடுக்கியது. நாற்பத்து நான்குக்கு மூன்றாம் படி. குரல் தடையில்லாமல் ஓடியது. ஆசை யாரை விட்டது, நாற்பத்தைந்தையும் போட்டுப் பார்த்தாள். திரை இருண்டுபோனது. கேட்பதற்கு நாலாம் படி இல்லை. சரி, நாற்பத்து நான்கு என்று திரும்பி வந்தாள்.

ஆலையில் பழுது பார்த்த மெஷினை அவள் சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பமாட்டாள். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவாள். ஓடினால் பாஸ். இதற்கும் அதே கணக்குதான். ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று தேடி, புதிதாகச் சேரும் பெண்களுக்காக அவளே எழுதிவைத்திருந்த மெஷின் பராமரிப்புக் குறிப்பை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ரேடியோ நிறுத்தாமல் பேசத் தொடங்கியது. "ஊசியின் கண் இடப்புறம் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் மட்டம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நூல் அறுந்தால் முதலில் உங்களைச் சந்தேகியுங்கள், பிறகு மெஷினைச் சந்தேகியுங்கள்." அவர் நாற்காலியில் சாய்ந்து, தன் குரலுக்கு வந்த கதியைப் பார் என்பதுபோல நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி இறங்கியது. வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து அவருடைய பாதங்களின் மேல் ஏறியது. அவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அவளும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். அரைத் தூக்கத்தில், சுவருக்கு அப்பால் யாருக்கோ அவர் முடிவெட்டிக்கொண்டே பேசுகிறார் என்று தோன்றியது. வெட்டுப்பட்ட முடி மெதுவாக, மிக மெதுவாக, கீழே விழாமலே இறங்கிக்கொண்டிருந்தது. ஊசியின் கண் எல்லோரையும் இடப்புறமாகத் திரும்பிப் பார்த்தது. பேச்சு என்னவென்று புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. இது நிற்கக் கூடாது என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டாள். விழித்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது, குரல் இன்னமும் எண்ணெயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தாள். அழக் கூடாது என்று வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாசலிலேயே பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, "என்னடா ரேடியோ, பேட்டரி தீந்துபோச்சாமே?" என்றாள். அவர் விரல்கள் பறந்தன. காலையிலிருந்து வாய்திறக்காமல் காத்திருந்த ஸ்பீக்கர் உடனே திறந்தது. "பே..." என்றது. "பே பே பே பே" என்று அதிலேயே நின்றுவிட்டது. திரை உறைந்திருந்தது.

மனைவி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். ஊமையைக் கேலி செய்வதுபோல ஒலித்த அந்தச் சத்தம் அறுந்தது. மறுபடி போட்டு, எல்லாம் எழுந்துவர இரண்டு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு நன்றாகத்தான் பேசியது. அக்கா ஒன்று சொல்ல, தம்பி ஒன்று சொல்ல, கால் மணி நேரம் பந்து தரையில் விழவில்லை. அப்பாடா என்று அவள் தேநீர் போடப் போனாள். மூவரும் தேநீர் குடித்தார்கள், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா ஏதோ கேட்க, அவர் தட்ட, "நா நா நா நா" என்று மறுபடியும் உறைந்தது. அவர் தேநீர்க் குவளையை மெல்ல வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"விடும்மா" என்றாள் அக்கா. "பேசாட்டிப் போறான். என் தம்பி என் தம்பிதானே." பிறகு பால்கனியைப் பார்த்து, காது கேட்காத குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, "நீ... ஒன்னும்... கஷ்டப்படாதேப்பா!" என்றாள். அவருடைய தோள்கள் சுருங்கியதை மனைவி பார்த்தாள். பிறந்ததிலிருந்து தம்பியை 'டா' போடாமல் அழைத்தறியாத அக்கா 'ப்பா' என்கிறாள். இனி இவரிடம் எல்லோரும் இப்படித்தான் அன்பாக இருப்பார்கள். அந்த அன்பில் மனிதர் செத்துப்போவார்.

பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசியது, இப்போது ஒரு வாக்கியத்துக்கு விழுகிறது. சூடும் இல்லை. எப்போதெல்லாம் விழுந்தது? காலையில், முதல் வார்த்தையில். இப்போது, தேநீருக்குப் பிறகு. இரண்டு தடவையும் சும்மா இருந்துவிட்டுப் பேச எழுந்தபோது. சும்மா இருக்கையில் பெட்டி தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. திடீரென்று முழு வேகத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கும்போது, அந்த ஒரு கணத்துக்குக் கஞ்சன் கொடுக்கும் மூன்று படி போதவில்லை. தொடர்ந்து ஓடுவது அதற்குக் கஷ்டமே இல்லை. மௌனத்திலிருந்து கிளம்புவதுதான் கஷ்டம். அவளோ அதை நிறுத்தாமல் ஓட்டி மட்டுமே சோதித்திருக்கிறாள். மனிதர்கள் அப்படியா பேசுகிறார்கள்? முதலில் உங்களைச் சந்தேகியுங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதிவைத்தவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

தளர்த்திக்கொள்ளாதே என்று சொல்லவும் அந்த போர்டில் ஒரு வரி இல்லை, அவள் ஏற்கெனவே பட்டியல் முழுவதும் பார்த்திருந்தாள். அப்போதுதான் ஆலையின் பழைய மெஷின்கள் நினைவுக்கு வந்தன. புது மெஷினில் காலை அழுத்தினால்தான் மோட்டார் சுற்றும். பழைய கிளட்ச் மோட்டார் அப்படி இல்லை. தைத்தாலும் தைக்காவிட்டாலும் மேஜைக்கு அடியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பெடலை மிதிக்கும்போது ஓடுகிற அந்த ஓட்டத்தோடு ஊசி சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். கரண்ட்டைத் தின்கிறது என்று எல்லோரும் அதைத் திட்டுவார்கள். ஆனால் கிளம்பும்போது அது ஒருநாளும் திணறியதில்லை.

பராமரிப்புக் குறிப்பை மறுபடி எடுத்தாள். அதைப் பின்னணியில் ஓடவிட்டு, சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் அடைத்தாள். இவர் ஏதாவது தட்டினால் அது வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இப்போது பெட்டி அவருடைய குரலில், யாருக்கும் கேட்காமல், ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. விசிறியின் முனகலில் மட்டும் ஒரு சின்ன உயர்வு தெரிந்தது. ஐந்து நிமிடம் விட்டு ஒரு வார்த்தை தட்டினாள், உடனே வந்தது. இன்னொரு ஐந்து நிமிடம் விட்டுத் தட்டினாள். வந்தது.

"அண்ணி, போய் அவரைக் கொஞ்சம் திட்டுங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"வழக்கமா எதுக்குத் திட்டுவீங்களோ அதுக்கே."

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து, இடுப்பில் கையை வைத்து, அறுபது வருடப் பழக்கத்தைத் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். "டேய்! வீட்டுக்கு வந்தவளை உக்காரவெச்சிட்டு வெளியில போய் நிக்கறது எந்த ஊரு மரியாதைடா?"

அவர் விருட்டென்று திரும்பினார். கோபமாகத்தான் வந்தார், நின்றுகொண்டே தட்டினார். அக்காவின் வாய் மூடுவதற்குள் பதில் அறைக்குள் நின்றது. "நீ வந்தா ஊரே வெளியில போகும்க்கா. நான் பால்கனியோட நிறுத்திக்கிட்டேன்."

அக்கா திறந்த வாயோடு ஸ்பீக்கரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "படுபாவி" என்றாள். அதற்குமேல் பாடம் பண்ணிக்கொண்டு வந்தது ஒன்றும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அடுத்ததைக் கேட்டாள். மூன்று மணிக்குத்தான் கிளம்பினாள். போகும்போது மெஷினக்காவின் கன்னத்தைக் கிள்ளி, "எனக்கும் ஒரு பெட்டி பார்த்து வையி, பின்னாடி ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் ஆயிற்று. பெட்டி ஒருநாளும் உறையவில்லை. அவர் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் கடைவரை நடந்துவிட்டு வரப் பழகியிருந்தார். அடுத்த மாதம் பெட்டியைக் கடைக்கே கொண்டுபோய், கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுவது என்று பேச்சு. ஒரு சாயங்காலம் அவள் ஆலையிலிருந்து வந்தபோது வீட்டில் அவர் இல்லை. பெட்டி மட்டும் தன் வேலையில் இருந்தது. அவள் பழக்கத்தில் ஸ்குரூடிரைவரைக் கூட்டில் வைத்துக் காதைக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்கு. பிறகு, எண்ணெய் மட்டம் எந்த அழகில் இருக்கிறது என்று பார்ப்போமே என்று வேடிக்கையாக, ஹெட்போனை மாட்டி அடைத்துவைத்த சத்தத்தைத் திறந்தாள்.

எண்ணெய் இல்லை. ஊசி இல்லை.

"...ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள், வலிக்குதான்னு கேட்டே. நான் தலையாட்டினேன். ஆமாவா இல்லையான்னு உனக்குப் புரியலை. எனக்கும்தான். உப்பு சரியா இருக்கான்னு தினமும் கேட்டே, தினமும் கட்டைவிரலைத் தூக்கினேன். அதுல பதினோரு நாள் பொய். பயப்படாதீங்கன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி சொன்னே, எனக்கென்ன பயம்னு அன்னிக்கு எல்லாரும் சிரிக்கற மாதிரி ஒன்னு சொன்னேன். அது பதில் இல்லை. பயம் இருந்துச்சு. நிறைய இருந்துச்சு. கல்யாணமான புதுசுல, நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டீங்களான்னு கேட்டே. அப்ப ஒன்னும் தோணலை, இப்பத் தோணுது. நீ நிறுத்தச் சொல்லவே இல்லையே."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். தினமும் அவள் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவளுடைய பராமரிப்புக் குறிப்பின் இடையிடையே நுழைத்துவிட்டிருக்கிறார். காலையும் மாலையும், அவள் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும், இரண்டடி தூரத்தில் இந்தக் குரல் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அந்தச் செவ்வாக்கிழமை, ஒன்னுமில்லை தூங்குங்கன்னு சொல்லி விளக்கை அணைச்சே. நான் தூங்கலை. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னும் வரலை. அந்த இடத்தை விட்டு வெச்சிருக்கேன்."

ஹெட்போனில் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு அதே குரல், தொண்டையைச் செருமிக்கொண்டதுபோல, "நூல் அறுந்தால் முதலில் உங்களைச் சந்தேகியுங்கள்" என்று தொடர்ந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்தார், அவள் காதில் இருந்ததைப் பார்த்தார், ஒரு கால் செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றார். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. திரும்பவும் இல்லை.

"பதினோரு நாள்னு போட்டிருக்கீங்க" என்றாள். "எந்தெந்த நாளுன்னு இப்பவே சொல்லணும்."

அவர் இன்னொரு கால் செருப்போடே வந்து அவளுக்குப் பின்னால் குனிந்தார். இரண்டு கைகளும் அவள் தோள்களுக்கு மேலாக நீண்டு கீபோர்டைத் தேடின. பெட்டி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அடியில், அங்கே ஒரு பெடல் இருப்பதுபோல, அவளுடைய வலது கால் தரையை மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தது.